ஐந்து நிமிட மிஷினும் ஒற்றைக் காலில் நிற்பதும்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி பஜார் வழியாக ஜி.என்.டி. சாலைக்கு நடந்து வருவதற்குள் பிசியோதெரபி போர்டுகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. நான் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது ஒன்றுகூடக் கிடையாது. சுளுக்கு என்றால் எண்ணெய் போட்டு நீவி விடும் பெரியவர் ஒருவர் இருப்பார். எலும்பு என்றால் திருத்தணி தாண்டி ஆந்திரப் பக்கம் போய்ப் புத்தூர் கட்டு. அந்தக் கட்டை ஆட்டோவின் பின்பக்கம் படம் வரைந்து விளம்பரம் செய்வார்கள், உங்களுக்கும் நினைவிருக்கும்.

இன்று படித்த பிசியோதெரபிஸ்டுகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். நல்லதுதான். என் குறை அவர்கள் மேல் அல்ல, அவர்கள் மேஜை மேல் இருக்கும் ஒரு பெட்டியின் மேல். ஜெல் தடவி, உருண்டைத் தலை ஒன்றை வலிக்கும் இடத்தில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்களே, அந்த அல்ட்ராசவுண்ட் மிஷின். நம் ஜனங்கள் "ஸ்கேன் வைக்கறாங்க" என்பார்கள், சிலர் "கரண்ட் வைக்கறாங்க" என்பார்கள். இது ஸ்கேனும் இல்லை, கரண்டும் இல்லை. ஸ்கேன் உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கும். கரண்ட் வைப்பது வேறு கருவி, அதில் சுரீர் என்று ஒரு உணர்ச்சி தெரியும். இது காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் செலுத்துகிற வைத்தியம். விளையாட்டில் பட்ட அடிக்கு, அதிலும் கணுக்கால் பிசகலுக்கு, இதற்குக் கொடுக்கும் காசும் நேரமும் பெரும்பாலும் வீண் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

இதைப் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் அல்ட்ராசவுண்டோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன். வார்ப்படத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் யு.டி. மிஷின் என் கையில்தான் இருக்கும். வார்ப்புக்குள் விரிசல் இருக்கிறதா, காற்றுக்குமிழ் அடைத்திருக்கிறதா என்று உடைக்காமல் பார்ப்பதற்கு அது. பிசியோவில் இருப்பதும் அதே சமாச்சாரம்தான். தலைக்குள் ஒரு படிகத் தகடு. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். 1880-ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்த தன்மையின் மறுபக்கம் இது. அவர்கள் படிகத்தை அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கண்டார்கள். முதல் உலகப் போரில் பிரான்சின் லாங்கெவின் இதை நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடப் பயன்படுத்தினார். அவருடைய தொட்டியில் ஒலிக்கற்றையில் மாட்டிய மீன்கள் செத்தன, கையை விட்டால் வலித்தது. இந்த ஒலி உயிருள்ள சதையை ஏதோ செய்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதிலிருந்து வைத்தியம் கிளம்பியது.

இரும்புக்கு நாங்கள் 2 அல்லது 4 மெகா ஹெர்ட்ஸ் ப்ரோப் போடுவோம். பிசியோ மிஷினில் 1, 3 என்று இரண்டு எண்கள் இருக்கும். 1 ஆழமான இடத்துக்கு, 3 தோலுக்குப் பக்கத்தில் உள்ள இடத்துக்கு. நாங்கள் கிரீஸோ எண்ணெயோ தடவுவோம், அவர்கள் ஜெல். தலைக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தால்கூட ஒலி அங்கேயே திரும்பிவிடும், அதற்காகத்தான் ஜெல். மருந்து என்று நினைத்து "அந்த ஜெல்லை வீட்டுக்குக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலைக்கும் இந்த வைத்தியத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. ஒவ்வொரு ஷிப்டிலும் மிஷினை ஆன் செய்ததும் முதல் வேலை, 25 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு ஸ்டீல் கட்டையில் ப்ரோப்பை வைத்துச் சரிபார்ப்பது. திரை 25 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்று எந்த வார்ப்பும் வெளியே போகாது. வருஷத்துக்கொரு முறை மிஷினையே வெளியே அனுப்பி, காலிபிரேஷன் ஸ்டிக்கரோடு வாங்குவோம். ஆடிட்டர் வந்தால் முதலில் அந்த ஸ்டிக்கரைத்தான் பார்ப்பார்.

பிசியோ மிஷின்கள் திரையில் காட்டும் சக்திக்கும் உண்மையில் வெளிவரும் சக்திக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. பல நாடுகளில் கிளினிக் கிளினிக்காகப் போய் அளந்து பார்த்திருக்கிறார்கள். தாராளமான அந்த வரம்பைக்கூடத் தாண்டிய மிஷின்கள் திரும்பத் திரும்ப அகப்பட்டிருக்கின்றன. சிலது அதிகம் கொடுக்கிறது, சிலது கிட்டத்தட்ட ஒன்றுமே கொடுப்பதில்லை. தலையை மேலே பார்க்கத் திருப்பி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது துள்ளுகிறதா என்று பார்க்கும் பழக்கம் உண்டு. அதில் ஒலி வருகிறது என்று தெரியும், எவ்வளவு வருகிறது என்று தெரியாது. நம் பஜாரில் காய்கறிக் கடைக்காரர் தராசுக்குத் தொழிலாளர் துறை முத்திரை இருக்கிறது. மனுஷன் காலில் வைக்கிற மிஷினில் அப்படி ஒரு தேதி போட்ட ஸ்டிக்கரை இதுவரை நான் பார்த்ததில்லை. போன இடமெல்லாம் என் கண் முதலில் அதைத்தான் தேடும், தொழில் புத்தி.

சரி, மிஷின் சரியாகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மெகா ஹெர்ட்ஸில், சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட் வைத்தால் உள்சதையின் சூடு நிமிஷத்துக்குச் சுமார் 0.2 டிகிரி ஏறும். இதைத் தசைக்குள் ஊசி வெப்பமானி செருகியே அளந்திருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் தேய்த்தால் ஒரு டிகிரி. சதை நன்றாக இளக மூன்று நான்கு டிகிரியாவது ஏற வேண்டும் என்பார்கள். அதுவும் தலையின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு இடத்துக்குள்ளேயே தேய்த்தால்தான் இந்தக் கணக்கு. தலை பெரும்பாலும் ஐந்து ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆனால் நடப்பதென்ன? ஐந்து நிமிஷத்தில் முதுகு முழுக்க, தொடை முழுக்க இழுக்கிறார்கள். ஒரு டம்ளர் வெந்நீரை அண்டாவில் ஊற்றிவிட்டுத் தண்ணீர் சுட்டுவிட்டது என்று சொல்வதைப் போல.

வெதுவெதுப்பு மட்டுமல்ல, ஒலியின் அதிர்வே உயிரணுக்களைத் தூண்டி ஆற வைக்கும் என்றும் ஒரு வாதம் உண்டு. ஆய்வுக்கூடத்துத் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் அப்படிச் சில மாற்றங்கள் தெரிந்தது உண்மை. ஆனால் மனுஷக் காலில் அது எவ்வளவு பலிக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இந்த வைத்தியத்தைச் சோதிப்பது மற்ற வைத்தியங்களைவிடச் சுலபம். மிஷினை ஆன் செய்தாலும் ஆஃப் செய்தாலும் படுத்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஜெல் ஒன்றுதான், தேய்ப்பு ஒன்றுதான். பாதிப் பேருக்கு நிஜ ஒலி, பாதிப் பேருக்கு வெறும் தேய்ப்பு. பிறகு யார் கால் சீக்கிரம் ஆறியது என்று பார்க்கலாம்.

2001-ல் ராபர்ட்சன், பேக்கர் என்ற இருவர் இப்படிச் செய்த 35 சோதனைகளைத் திரட்டினார்கள். முறையாகச் செய்யப்பட்டவை என்று அவர்கள் ஏற்றுக்கொண்டது 10. அதில் 8-ல் நிஜ மிஷினுக்கும் ஆஃப் செய்த மிஷினுக்கும் வித்தியாசமில்லை. கணுக்கால் பிசகலுக்கு என்று தனியாகக் காக்ரேன் அமைப்பு 2011-ல் பார்த்தது. 6 சோதனைகள், 606 பேர். பலன் இருந்தாலும் மிகச் சிறிது, அந்தக் கால் எப்படியும் சீக்கிரம் ஆறப்போகிற கால்தான் என்று முடித்தார்கள். இடுப்பு வலிக்கு இதைக் கொடுக்கவே வேண்டாம் என்று இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2016-ல் வழிகாட்டுதலில் எழுதிவிட்டது.

ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. தோள்பட்டை நாணில் சுண்ணாம்பு படிந்து வலிக்கும் ஒரு நோய் இருக்கிறது. 1999-ல் ஆஸ்திரியாவில் செய்த சோதனையில் அதற்கு இந்த ஒலி நன்றாகவே உதவியது, படிந்த சுண்ணாம்பு எக்ஸ்ரேயில் கரைந்தும் காட்டியது. ஆனால் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். ஒரு தடவைக்கு 15 நிமிஷம், மொத்தம் 24 தடவை. அப்படியும் ஒன்பது மாதம் கழித்து வலியில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. முழங்கால் தேய்மானத்துக்கும் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்கிறார்கள், அத்தாட்சி பலமில்லை. நம் வயசுக்காரர்கள் யாராவது "எனக்கு முட்டிக்கு வெச்சாங்க, நல்லாத்தான் இருந்தது" என்றால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

பையன்கள் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை, பிளஸ் டூ படிக்கிறான். அப்பா காண்டிராக்ட் தொழிலாளி, நாள் கூலி. போன பொங்கல் கபடிப் போட்டியில் ரைடு போய்விட்டுத் திரும்பும்போது கணுக்கால் உள்பக்கம் மடங்கியது. வெளிப்பக்கம் முட்டை மாதிரி வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. ஒரு கிளினிக்கில் பத்து சிட்டிங் சொன்னார்கள், ஒரு சிட்டிங்குக்கு 300 ரூபாய். ஒவ்வொரு நாளும் அவன் அப்பா அரை நாள் கூலியை விட்டுவிட்டு மொபெட்டில் கூட்டிப்போனார். ஐந்து நிமிஷம் அல்ட்ராசவுண்ட், பத்து நிமிஷம் கரண்ட், போகலாம். ஒரு பயிற்சி கற்றுக்கொடுக்கவில்லை. பத்தாம் நாள் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. மிஷின்தான் குணமாக்கியது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாசி மாசம் பள்ளி மைதானத்தில் அதே கால் மறுபடியும் மடங்கியது.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அவனைக் கூட்டிப்போனேன். அந்தப் பெண்ணின் அறையிலும் அந்தப் பெட்டி இருந்தது, மேலே துணி போட்டு மூடியிருந்தது. கணுக்காலை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, "அந்தக் கால்ல மட்டும் நில்லுப்பா" என்றார். மூன்று எண்ணுவதற்குள் ஆடிவிட்டான். நல்ல காலில் அரை நிமிஷம் நின்றான். "கண்ணை மூடிட்டு நில்லு" என்றதும் விழப் பார்த்தான்.

"பாத்தீங்களா சார்," என்றார் என்னிடம். "லிகமென்ட் ஆறிடுச்சு. ஆனா பாதம் எப்படி இருக்குன்னு மூளைக்குச் சொல்ற வேலையை அது மறந்திருக்கு. அத மிஷின் கத்துக்குடுக்காது, இவன்தான் கத்துக்கணும்."

பையன் என்னைப் பார்த்து, "அப்ப அன்னிக்கு வெச்சது வேஸ்டா தாத்தா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவன் அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

கொடுத்த பயிற்சிகளுக்கு ஒரு ரூபாய் சாமான் தேவையில்லை. பல் தேய்க்கும்போது அந்தக் காலில் மட்டும் நிற்பது. அது பழகினால் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு தலையணை மேல். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி மெதுவாக இறக்குவது. கடைசியில் தாவிக் குதித்துத் திரும்புவது. ஆறு வாரம் தினமும் செய்யச் சொன்னார். பிசகின கணுக்கால் மறுபடி பிசகாமல் இருக்க இந்தச் சமநிலைப் பயிற்சி உதவுகிறது என்பதற்கு நல்ல அத்தாட்சி இருக்கிறது. நெதர்லாந்தில் வாலிபால் அணிகளை வைத்தே பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். முன்பு பிசகின கால் உள்ளவர்களுக்குத்தான் அதிகப் பலன்.

நாண் வலிக்கும் இதே கதைதான். 2004-ல் சச்சினுக்கு முழங்கையில் வந்தபோதுதான் டென்னிஸ் எல்போ என்ற பெயரே நம் தெருவுக்குத் தெரிந்தது. இப்போது வெல்டிங் செய்பவருக்கும் வருகிறது, சாயங்காலம் ஷட்டில் ஆடும் ரிடையர்டு ஆசாமிக்கும் வருகிறது. குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண் வலிக்கு ஸ்வீடனில் ஆல்ஃபிரட்சன் என்ற டாக்டர் 1998-ல் வெளியிட்ட முறை இன்றும் பேசப்படுகிறது. படியில் நின்று குதிகாலை இறக்குவது, 15 முறை வீதம் மூன்று செட், காலை மாலை இரண்டு வகையாக, 12 வாரம். ஓட்டக்காரர்கள் 15 பேர், எல்லோரும் திரும்ப ஓடினார்கள். 15 பேர் சின்னக் கணக்குதான், ஆனால் பிறகு பலரும் செய்து பார்த்து ஏற்றுக்கொண்ட வழி. அவர் எந்த மிஷினையும் விற்கவில்லை. படிக்கட்டை யாரும் விற்க முடியாதே.

அப்படியென்றால் படித்த பிசியோக்கள் ஏன் பெட்டியை மூடி வைக்காமல் இருக்கிறார்கள்? அந்தப் பெண்ணிடமே கேட்டேன். சிரித்தார். "மிஷின் வெக்கலன்னா, டாக்டரம்மா ஒண்ணுமே பண்ணலன்னு சொல்லிட்டு அடுத்த கிளினிக் போயிடறாங்க சார். எக்சர்சைஸ் சொல்லிக்குடுத்தா, இதுக்கா காசுன்னு கேக்கறாங்க." இதில் நியாயம் இருக்கிறது. ஊசி போடாத டாக்டரை நம் ஜனங்கள் டாக்டராக மதித்ததில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தால் "ஒரு ஊசி போட்டுருங்க" என்று கையை நீட்டுவோம். அந்த ஊசியின் இடத்தில் இப்போது இந்த உருண்டைத் தலை. பிசியோவின் அறிவுக்கும் கைக்கும் நாம் காசு தருவதில்லை, பெட்டிக்குத் தருகிறோம். அதனால் அவர்களும் பெட்டி வாங்கக் கடன் வாங்குகிறார்கள், கடனை அடைக்கப் பெட்டியை எல்லோருக்கும் வைக்கிறார்கள்.

அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபியும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கவாதம் வந்த என் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கொண்டுவந்தது இரண்டு கை மட்டும்தான். கட்டிலில் எப்படிப் புரள்வது, எப்படி எழுந்து உட்கார்வது என்று மனைவிக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். சிப்காட்டில் ஆயுத பூஜைக்கு வாலிபால் போட்டி வைத்துக் கோப்பை கொடுக்கும் கம்பெனிகள், அந்த மைதானத்துக்கு இப்படி ஒரு ஆளை மாதம் இரண்டு நாள் வரவழைத்தால் என்ன? பையன்களுக்கும் ஆகும், மூட்டை தூக்கித் தோள் போன தொழிலாளிக்கும் ஆகும். நான்கு மிஷின் வாங்கிப் போட்டு ரிப்பன் வெட்டுவதைவிடச் செலவு குறைவு.

நம் வயசுக்காரர்களுக்காக இன்னும் ஒன்று. சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்கள் அந்த இடத்தில் இதை வைக்கவிடாதீர்கள், சூடு அதிகமானாலும் உங்களுக்குத் தெரியாது. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்தப் பக்கத்தில் தலை வரக்கூடாது. புற்றுநோய்க் கட்டி இருந்த இடத்திலும், ரத்தக்கட்டு சந்தேகம் உள்ள கெண்டைக்காலிலும் கூடாது. பேரப்பிள்ளைகளுக்கு எலும்பு வளரும் முனைகளின் மேல் வைக்கக்கூடாது என்றும் புத்தகங்களில் இருக்கிறது. கணுக்கால் பிசகி நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றாலோ, நீவி விடவும் வேண்டாம், மிஷினும் வேண்டாம், முதலில் எக்ஸ்ரே.

அந்தப் பையன் இப்போது எங்கள் தெருக் குழாயடியில் காலையில் பிரஷ்ஷோடு ஒற்றைக் காலில் நிற்கிறான். தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் கேலி செய்கிறார்கள். போன வாரம் கண்ணை மூடிக்கொண்டு இருபத்தெட்டு எண்ணும் வரை நின்றான், நான்தான் எண்ணினேன்.